சம்புக்குள் ஒரு தடம்

அத்தான்,

இன்று காலை தலையணை பிரிந்துவிட்டது. ஓர் ஓரத்தில் தையல் விட்டு உள்ளிருந்தது வெளியே வந்து கிடந்தது. இலவம்பஞ்சு இல்லை. அதைவிட மெல்லியது, பழுப்பும் மஞ்சளுமாக, விரலில் ஒட்டிக்கொண்டால் ஊதினாலும் போகாதது. சம்பம்பஞ்சு, குளத்துச் சம்பின் கதிர் வெடித்துப் பறப்பது. சன்னலைத் திறந்ததும் தென்காசிக் காற்று உள்ளே நுழைந்து அதை அறை முழுக்கக் கொண்டுபோயிற்று. பாயில், சட்டையில், திறந்து வைத்திருந்த புத்தகத்தில். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பெருக்கவில்லை.

"அவுக அடைச்சது," என்றாள்.

அவ்வளவுதான். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில், மூன்று நாள் காய்ச்சலில். தந்தி வந்து நான் சென்னையிலிருந்து ரயில் பிடித்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் உங்கள் செருப்பு மட்டும் இருந்தது. அதன் அடியில் குளத்துச் சேறு காய்ந்திருந்தது.

இப்போது பங்குனி. கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளை சம்பு அறுப்பு. நேற்று அறுப்பு ஆள் பேச்சிமுத்து வந்து, வரி சொல்ல நீங்க வாரியளா தம்பி என்று கேட்டான். எங்கே தொடங்கி எந்தப் பக்கமாக அறுத்துப் போக வேண்டும் என்று சொல்வதுதானே வரி சொல்வது. அது உங்கள் இடம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தூக்கம் இல்லை.

அறுப்பு ஆட்களிடம் நான் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

*

வீரகேரளம்புதூர் சாலையில் போய்க் கிழக்கே இறங்கினால் நம் குளம். மேற்கே திரும்பிப் பார்த்தால் குற்றால மலை. குளத்தில் பாதி தண்ணீர், பாதி சம்பு. ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பட்டை இலைகள். அவற்றின் நடுவே சுருட்டைச் செருகி வைத்தது போலப் பழுப்புக் கதிர்கள்.

ஒரு விடுமுறையில் உங்களிடம் சொன்னேன், எல்லாரும் சம்பம்புல் என்கிறார்கள், ஆனால் தாவர நூலின்படி அது புல்லே இல்லை, வேறு குடும்பம் என்று. நீங்கள் கரையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தீர்கள். கை நிற்கவில்லை.

"எருமை திங்குதுல்லா மாப்ளே?"

"தின்னுது."

"அப்பம் புல்லுதான்."

அந்த விடுமுறை முழுக்க நான் நோட்டும் பென்சிலுமாகச் சம்புக்குள் அலைந்தேன். அடியில், தாள்களின் இடுக்கில், தவளையும் விரால் குஞ்சும். முழங்கால் உயரத்தில், மடிந்து கிடக்கும் பழைய இலைகளின் மேல் சம்பங்கோழிக் கூடு. வெள்ளை நெஞ்சும் குத்திட்ட வாலுமாக, ஏதோ மறந்துபோய்த் திரும்புகிறவள் போல நடக்குமே, அதன் கூடு. இன்னும் மேலே, நாலைந்து தாள்களைச் சேர்த்துக் கட்டித் தொங்கும் குருவிக் கூடுகள். இவற்றுக்கு நடுவே செந்நாரை. கழுத்தை நீட்டி நின்றுவிட்டால் அதுவும் ஒரு தாள். மாடிமேல் மாடியாகக் குடித்தனம். ஆடிக் காற்றில் அலை வந்து கரையை அரிக்காமல் தடுப்பதும் அதே சம்பு. எல்லாவற்றையும் எழுதினேன். எண்ணினேன். ஒவ்வொரு சாயங்காலமும் எத்தனை கோழி, எத்தனை கூடு என்று கூட்டிப் பார்த்தேன்.

நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாத்துக்கும் ரேஷன் கார்டு எழுதியாச்சா என்றீர்கள்.

உங்களுக்கும் அந்தக் கோழிகளைத் தெரியும். வேறு மாதிரி தெரியும். மிளகு எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று தெரியும்.

அதை மறைத்து எழுத மாட்டேன். மறைத்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

*

குற்றாலத்தில் சாரல் விழுமுன் சீசன் கொட்டகைகளுக்குக் கூரை வேண்டும். பலகாரக் கடைக்கு, எண்ணெய் தேய்க்கிற இடத்துக்கு, துணி மாற்றுகிற மறைப்புக்கு. அதற்குச் சம்புக்கட்டு நம் குளத்திலிருந்து போகும். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும் பங்குனியில் அறுப்பு. பன்னிரண்டு ஆள். குளத்தைச் சுற்றி நின்று ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டமாக அறுத்து வருவார்கள். அரிவாள் சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பறவைகள் நடுவுக்குப் போகும். நாலாம் நாள் நடுவே ஒரு வீட்டளவு சம்பு மிஞ்சும். கடைசிப் பத்தை. அன்றைக்கு வலையும் கம்பும் வரும், நாய்களும் வரும். அந்தப் பத்தைக்குள் இருப்பது அறுத்தவர்களின் உரிமை. கரையிலேயே பானை ஏறும். ஆண்டு முழுக்க அந்தக் குழம்பைப் பற்றிப் பேசுவார்கள்.

பத்தொன்பது வயது வரை நானும் தின்றேன்.

பிறகு சென்னை. நூலகம். ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன்: பறவைகளுக்கென்று ஓர் இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஒற்றை வரி. அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு வந்ததும் ஒரு கலியாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குளத்தை வரைந்தேன். நட்ட நடுவில் பென்சிலால் ஒரு வட்டம். இதை மட்டும் அறுக்காமல் விட்டுவிடுவோம் அத்தான், கடைசிப் பத்தையே வேண்டாம் என்றேன்.

நீங்கள் அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தீர்கள்.

"நடுவுலயா?"

"நடுவில்தான் பத்திரம். நாலு பக்கமும் தண்ணீர்."

நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் மறுபடி கேட்கவும் இல்லை. பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

ஆட்களிடம் உங்கள் வழியில் சொன்னீர்கள். நடுப்பத்தையைச் சாஸ்தாவுக்கு நேர்ந்து விட்டிருக்கிறது, இந்த வருசம் யாரும் கை வைக்கக் கூடாது என்று. பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான்.

"சாஸ்தா சைவம்லா அண்ணாச்சி. அவருக்கு எதுக்குக் கோழி?"

"அதான் திங்காம விடுதாரு."

எல்லாரும் சிரித்தார்கள். வேலம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள்தான் ஆண்டுதோறும் அந்தப் பானைக்கு மசால் அரைக்கிறவள். ஆனால் உங்கள் சொல்லுக்கு மறுசொல் சொல்லவில்லை. வட்டமாக அறுத்துவந்து, என் பென்சில் கோட்டருகில் வந்து, நின்றார்கள். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுக்குளத்தில் பச்சையாக ஒரு தீவு நின்றது. நான் கரையிலிருந்து பார்த்தேன். உள்ளே இருபத்தாறு கோழிகள் என்று நோட்டில் எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, படித்தது ஒன்று பயன்பட்டது என்று நினைத்தேன்.

குளம் அதற்கு மேலும் இறங்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பத்து நாளில் தண்ணீர் வற்றி, தீவைச் சுற்றி வெறும் சேறு ஆயிற்று. வெயிலில் சேறு இறுகிற்று. அதன் மேல் நாய் நடக்கலாம். நரி நடக்கலாம். மேலே பருந்து வட்டமிடலாம். எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது, குளத்தில் மிச்சமிருக்கும் உயிர் அத்தனையும் எங்கே இருக்கிறது என்று. நம் சாஸ்தாவோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தெரிந்தது. கோழிகள் வெளியே வரவில்லை. மறைவில்லாத தரையில் குஞ்சுகளோடு எப்படி வரும்? உள்ளேயே இருந்தன.

ஒரு ராத்திரி பக்கத்து ஊர்க்காரர்கள் நாய்களோடு வந்து உள்ளே புகுந்தார்கள். விடிந்து நாம் இருவரும் போனோம். முட்டை ஓடு. கறுப்பாக, சின்னதாக, குஞ்சுகளின் தூவி. மிதிபட்ட தாள்கள். சம்பம்பஞ்சும் இறகும் கலந்து சேற்றில் ஒட்டியிருந்தன, எது எது என்று தெரியவில்லை. என் நோட்டு கையில் இருந்தது. எண்ணவா? எதை?

முந்தைய ஆண்டுகளில் கடைசிப் பத்தையிலிருந்து பாதியாவது தப்பிப் பறக்கும். நான் காப்பாற்றிய ஆண்டில் ஒன்றும் தப்பவில்லை.

கரைக்கு வந்தபோது ஆட்கள் கூடியிருந்தார்கள். சாஸ்தா ஏத்துக்கிடல போலுக்கே என்றான் ஒருவன். எங்க வாயில விழுந்திருக்க வேண்டியது நாய் வாயில விழுந்துட்டு என்றாள் வேலம்மா. சாமி பெயரைச் சொல்லிப் பொய் நேர்ச்சை செய்த குற்றம் வேறு என்று யாரோ முணுமுணுத்தார்கள். உங்களைத்தான் சொன்னார்கள். உங்கள் சொல்லுக்கு முதல்முறையாக அந்தக் கரையில் விலை குறைந்தது. நான் உங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.

நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள்.

"எங் கணக்குத் தப்பிட்டு," என்றீர்கள்.

உங்கள் கணக்கு. நான் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்த நிமிடம் ஏழு ஆண்டுகளாக முடியவில்லை.

திரும்பும் வழியில் நீங்கள் மழை பற்றிப் பேசினீர்கள். அக்காவின் தையல் இயந்திரம் பற்றிப் பேசினீர்கள். வீட்டு வாசலில் வைத்து, சவத்த வுடுலே மாப்ளே, சாப்பிடு போ என்றீர்கள். அந்தப் பத்திரிகையை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

*

அடுத்த ஆண்டு நான் வரவில்லை. தேர்வு என்று எழுதினேன். தேர்வு இல்லை.

அந்த ஆண்டு நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிவேன். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் தினம் குளத்துக்குப் போய் உட்கார்ந்தீர்களாம். அரிவாளால் பத்துத் தாள் அறுப்பீர்களாம். சும்மா இருப்பீர்களாம். கோழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பீர்களாம். இவுகளுக்கும் தம்பி மாதிரிக் கோட்டி புடிச்சிட்டு என்று அக்கா நினைத்தாளாம்.

பிறகு ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே சொன்னீர்களாம்.

"அது பறக்கதுக்கு எடம் தேடல. நடக்கதுக்குத் தேடுது. எட்டி வைக்க காலுக்குப் பக்கத்துல ஒரு தாள் நிக்கணும். நின்னா மல வரைக்கும் நடக்கும்."

அவ்வளவுதான் விஷயம். என் புத்தகத்தில் இடம் இருந்தது, வழி இல்லை.

நடுக்குளத்திலிருந்து வடமேற்கு மூலைக்கு, சிற்றாற்றுக் கால்வாய் வந்து விழுகிற இடத்துக்கு, ஒரு வண்டி அகலம் சம்பை விட்டீர்கள். அங்கே தாழைப் புதர் இருக்கிறது, கோடையிலும் ஈரம் இருக்கிறது. இரண்டு பக்கமும் எல்லை தெரிய, நின்றபடியே நாலு நாலு தாளாகச் சேர்த்து முடிந்து வைத்தீர்கள். வட்டமாக அறுக்கவில்லை. கரைப் பக்கம் தொடங்கி ஒரே வரிசையாக, மூலையைப் பார்த்து. கடைசிப் பத்தை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. அதற்கு ஈடாகச் சுடலைமாடன் கோயிலில் கிடா வெட்டி ஆட்களுக்குப் போட்டீர்கள். சாஸ்தாவுக்குச் சொன்ன பொய்யும் அதோடு தீர்ந்தது என்று வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு கார்டு வந்தது. நீங்கள் சொல்ல அக்கா எழுதியது. இன்னும் வைத்திருக்கிறேன்.

"மாப்பிள்ளைக்கு. இந்த வருசம் தடம் விட்டு அறுத்தோம். கோழி நடந்து போச்சு. எண்ணலை. அக்கா சுகம்."

எண்ணலை என்பதை அன்று கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

*

அந்த ஆடியில் குற்றாலத்தில் நாம் இருவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம், நினைவிருக்கிறதா? சாரல் விழுந்துகொண்டிருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகிற்று. என் தோளில், உங்கள் மண்டையில், எண்ணெய் தேய்க்கிறவர் முதுகில். அவர் வாய் ஓயவில்லை. இந்த வருசம் சம்புக்கட்டு குறைச்சலா வந்துட்டு, எவனோ குளத்துல பாதிய அறுக்காம விட்டுட்டானாம், அவன் கையில கெடச்சா எண்ணெய்க்குப் பதிலா வேற எதையாவது தேச்சு விடுதேன் என்று அவர் சொல்லச் சொல்ல, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினீர்கள். நல்லா அழுத்தித் தேயும் வே, அவனுக்குத் தேக்கதா நெனச்சுக்கிடும் என்றீர்கள்.

ஒரு சொட்டு என் மூக்கில் விழுந்தது.

"மாப்ளே," என்றீர்கள் மெதுவாக. "அந்தா ஒழுகுதுல்லா. அதுல ஒரு கோழி நடந்து போயிருக்கு."

நான் சிரித்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், அந்த வட்டம் என்னுடையது என்று. அருவிச் சத்தம் பெரிதாக இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

பிறகு ஆண்டுதோறும் தடம் விட்டீர்கள். கதிர் வெடித்துப் பறக்கிற காலத்தில் தடத்தின் ஓரமாகவே பஞ்சு பொறுக்கி வந்து இந்தத் தலையணையை அடைத்தீர்கள். நான் சென்னையில் கட்டாந்தரையில் படுக்கிறேன் என்று அக்கா சொன்னதற்காக.

நாளை வரி சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்த ஆட்களிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் வரிசையில் நிற்பார்களா என்று தெரியவில்லை. உங்கள் சொல்லுக்காகத்தான் ஆறு ஆண்டாகத் தடத்தைத் தொடாமல் இருந்தார்கள். படித்துவிட்டுக் கெடுத்தவன் சொல்லுக்கு இருப்பார்களா?

தலையணையை அக்கா தைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே நிறுத்துகிறேன்.

*

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அறுப்பன்று காலையில் கரையில் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பேச்சிமுத்துவுக்கு மீசை நரைத்துவிட்டது. வேலம்மா வெற்றிலையை அடக்கிக்கொண்டு, வரி யாரு சொல்லுதா, தம்பியா என்றாள்.

நான் வீட்டில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. அன்னைக்கு நடுவில் விடச் சொன்னது நான், அத்தான் இல்லை, படம் போட்டுக் கொடுத்தது நான் என்று சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வேலம்மா வெற்றிலையைத் துப்பினாள்.

"இதச் சொல்லதுக்கா மெட்ராசுலேருந்து லீவு போட்டு வந்திய?"

நான் நிமிர்ந்தேன்.

"அண்ணாச்சி பொறந்ததுலேருந்து இந்தக் குளத்துல கெடந்தவுக. நட்ட நடுவுல வட்டம் போடுவாகளா? அது பென்சில் புடிச்ச கைன்னு அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்."

தெரிந்துமா அவரைப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

பேச்சிமுத்து அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கரையில் அவர்கள் பேசிய அன்று சாயங்காலமே நீங்கள் அவன் வீட்டுக்குப் போனீர்களாம். அவன் உங்களிடம் நேராகவே கேட்டானாம், மச்சினன் வேலைதானே என்று.

"ஆமான்னுட்டாரு. ஆனா அவன் காதுல விழுதாப்புல யாரும் பேசிறக் கூடாது, மாப்ள மொகம் வாடிரும், அப்புறம் ஊருக்கே வரமாட்டான்னாரு. திட்டணும்னா எம் மூஞ்சிக்கு நேர திட்டிக்கிடுங்கன்னாரு. திட்டினோம். வருசா வருசம் திட்டினோம்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வேலம்மா குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தடத்த எங்கன கெட்டணும்?" என்றாள். "வெயில் ஏறுது."

இறங்கினேன். வடமேற்கு மூலையைக் காட்டினேன். நாலு தாளைச் சேர்த்து முடிந்தேன். கையை எடுத்ததும் அவிழ்ந்துவிட்டது. மறுபடி முடிந்தேன். அவிழ்ந்தது. இலையின் உள்பக்கம் வழுவழுப்பு, வெளிப்பக்கமாக மடித்து இறுக்க வேண்டும் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லியிருக்கவில்லை. வேலம்மா பக்கத்தில் ஒன்றை மெதுவாக, நான் பார்க்கும்படி, முடிந்து வைத்தாள். நீங்கள் முடிந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். மூன்றாவது நின்றது.

கரைப் பக்கத்திலிருந்து வரிசை கிளம்பிற்று. அரிவாள் சத்தம். ஈரத் தாள் அறுபடுகிற வாசனை, வெள்ளரிக்காய் நறுக்கினது போல. நாலு நாள். நாலாம் நாள் மதியம் நான் மூலையில், தாழைப் புதர் அருகே தனியாக நின்றிருந்தேன். தடத்தின் முடிவில் இரண்டு தாள்கள் அசைந்தன. காற்று அந்தப் பக்கம் இல்லை.

வெள்ளை நெஞ்சு முதலில் வந்தது. நின்றது. வாலை ஆட்டிற்று. என்னைப் பார்த்ததா, தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கி, அடுத்த தாளின் நிழலில் வைத்தது. பின்னால் கறுப்பாக, சின்னதாக, ஒன்றன்பின் ஒன்றாக. கால்வாயின் ஈரத்தில் இறங்கித் தாழைக்குள் போயின.

நோட்டு சட்டைப் பையில் இருந்தது. பென்சிலும் இருந்தது.

எண்ணவில்லை, அத்தான்.